இரண்டு பேர் சண்டையில் மூன்றாவது ஆள்

தோழர்களே, ருவாண்டான்னாலே ஹூட்டு, டுட்சி என்று இரண்டு பெயர்தான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. 1994 ஏப்ரலில் தொடங்கி நூறு நாளில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் டுட்சிகள். மேற்கத்தியப் பத்திரிகைகள் இதற்குப் 'பழங்குடிப் பகை' என்று பெயர் வைத்தன. ஒரே மொழி பேசி, ஒரே மாதா கோயிலுக்குப் போய், ஒரே மலைச்சரிவில் பயிர் செய்த சனங்களுக்குள் என்னங்க பழங்குடிப் பகை?

ஏற்றத்தாழ்வு முன்பே இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏழை டுட்சியும் உண்டு, மாடு சேர்த்து மேலேறிய ஹூட்டுவும் உண்டு. பெல்ஜியக்காரன் வந்து மூக்கை அளந்தான். 1930களில் ஆளுக்கொரு அடையாள அட்டை கொடுத்து இனத்தை எழுதினான். அப்பனுடைய இனமே பிள்ளைக்கும். டுட்சி மேல்தட்டுக்குப் படிப்பு, உத்தியோகம். ஹூட்டுவுக்குக் கட்டாய உழைப்பு. 1959 கலகத்தில் காற்று மாறியதும் அதே பெல்ஜியம் ஹூட்டுத் தலைவர்கள் பக்கம் சாய்ந்தது. 1962இல் சுதந்திரம் வந்தது, அட்டை போகவில்லை. 1994இல் சாலைத் தடுப்பில் கத்தியோடு நின்றவன் கேட்டது அந்த அட்டையைத்தான்.

அந்த அட்டையில் எழுதப்பட்ட மூன்றாவது பெயர் ஒன்று உண்டு: த்வா. நூற்றுக்கு ஒருவர். காட்டில் வேட்டையாடியவர்கள், காடு பறிபோக, பானை வனைந்தவர்கள். இவர்கள் குடித்த பாத்திரத்தில் ஹூட்டுவும் குடிக்க மாட்டான், டுட்சியும் குடிக்க மாட்டான். கூட உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அகதிகளாக வளர்ந்த டுட்சிகளின் தேசபக்த முன்னணி 1990இல் உகாண்டாவிலிருந்து படையெடுத்தது. 1993இல் அருஷாவில் அந்த முன்னணியும் அரசும் அதிகாரத்தைப் பங்கு பிரித்தபோது த்வாவுக்கு நாற்காலி இல்லை. அடுத்த வருஷம் சாவில் பங்கு கிடைத்தது.

பிறகு தீர்வு என்று வந்தது கச்சாச்சா, அதாவது புல்தரை மன்றம். ஏறத்தாழ 12,000 ஊர் மன்றங்கள், 2012இல் மூடும்வரை 20 லட்சத்தை ஒட்டிய வழக்குகள். கொன்றவனும் பறிகொடுத்தவளும் நேருக்கு நேர். இதை இளக்காரமாகப் பேச எனக்கு மனசு வரலை. சிறையில் கிடந்த லட்சம் பேரை வழக்கமான கோர்ட்டில் விசாரித்தால் எத்தனை தலைமுறை ஆகும்? ஆனால் வென்ற படை செய்த கொலைகள் அந்தப் புல்தரைக்கு வரவே இல்லை. போரின் மிச்சம் எல்லை தாண்டிக் காங்கோவில் எரிந்தது. 2025 ஜனவரியில் கோமா நகரம் எம்23 படையிடம் விழுந்தது.

அட்டையிலிருந்து இனப் பெயரையும் எடுத்தார்கள். எல்லோரும் ருவாண்டர். 'பிரிவினை' பேசினால் குற்றம் என்று 2001இல் சட்டம். அட்டை கொன்றதைப் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனா, பாத்திரத்தை ஒதுக்கியவன் அட்டையைப் பார்த்தா ஒதுக்கினான்? பெயரைச் சொல்லக்கூடாதென்றால் கொடுமையை எந்தப் பெயரில் முறையிடுவது? த்வாக்களின் சங்கம் தன் பெயரிலிருந்த 'பூர்வகுடி' என்ற சொல்லைக் கைவிட்டுக் 'குயவர் சமூகம்' என்று மாற வேண்டியிருந்தது. அரசு ஏட்டில் அவர்கள் 'வரலாற்றில் ஓரங்கட்டப்பட்டவர்கள்'. ஓரங்கட்டியது யார் என்று அந்த ஏட்டில் இல்லை.