குடிநீரில் ஏறிய சாயம்

(முள்ளிப்பட்டில் ஊர்மக்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மழைக்காலத்தில் ஏரி நீரும் திறந்த கிணற்று நீரும் பழுப்பு நிறம் கொள்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சருகும் பாசியும் மட்கி, அவற்றின் சாறு நீரில் கரைவது இதற்கு ஒரு காரணமாகும். இச்சாறு தானாகப் பெருந்தீங்கு செய்வதில்லை. ஆயினும், நாம் இடும் குளோரினை அது விழுங்கிவிடுகிறது. கிருமிகளைக் கொல்லப் போதிய குளோரின் எஞ்சுவதில்லை. அன்றியும், இரண்டும் கூடிக் குளோரோபாரம் போன்ற வேண்டாத பொருள்கள் உண்டாகின்றன. ஹாலந்து நாட்டு ரூக் என்னும் அறிஞர் 1974-ல் இவ்வுண்மையை வெளியிட்டார்.

துணியில் வடிகட்டினால் இச்சாறு போகாது. தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிவிக்கும். படிகாரம் சாற்றிலும் ஒரு பகுதியை நீக்கும். எஞ்சியதை நீக்கும் வழிகளுள் ஒன்று அயனிப் பரிமாற்றம்.

அதன் தத்துவம் பட்டுக்குச் சாயமேற்றும் நமக்குப் புதிதன்று. சாயத் தொட்டியில் அமிலம் சேர்த்தால் பட்டிழை நேர்மின்சுமை பெறுகிறது. எதிர்மின்சுமையுள்ள அமிலச் சாயம் அதனைப் பற்றிக்கொள்கிறது. கரைந்த இலைச்சாறும் எதிர்மின்சுமை உடையதே. ஆகவே, நேர்மின்சுமையுள்ள ரெசின் மணிகளிடையே நீரைச் செலுத்தினால், மணிகள் தம்மிடமுள்ள குளோரைடை விடுத்துச் சாற்றைப் பற்றிக்கொள்ளும். மணிகள் நிறைந்தபின் உப்புக் கரைசலால் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். இத்தகைய ரெசினை 1935-ல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்னும் இருவர் உருவாக்கினர். தென் ஆஸ்திரேலியாவில் மவுண்ட் பிளசண்ட் என்னுமிடத்தில் 2001-ல் காந்தத் தன்மையுள்ள ரெசின் மணிகளைக் கொண்டு குடிநீர் நிலையம் அமைத்தனர்.

ஆனால் மணிகளைக் கழுவிய உப்புநீரை ஏரியிலோ வயலிலோ விடலாகாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். பயிற்சி பெற்ற பணியாளரும் வேண்டும். ஆகையால் இது பல ஊர்களுக்குப் பொதுவான பெரிய நிலையத்துக்கே ஏற்றது. தனி ஊர் ஒன்று தாங்கக்கூடியதன்று.

நம்மால் இன்றே ஆகக்கூடியவை உள்ளன. கிணற்றின்மேல் வலையிட்டு இலை விழாமல் தடுப்போம். மேல்நிலைத் தொட்டியை முறையாகக் கழுவி மூடிவைப்போம். கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா எனச் சோதிப்போம். இந்தியத் தர நிர்ணயம் கூறும் குறைந்த அளவு அதுவே.

வாடை பிடிக்கவில்லை என்று குளோரினை நிறுத்தச் சொல்வது பெருந்தவறு. குளோரினால் விளையும் வேண்டாப் பொருள்களின் தீங்கைக் காட்டிலும், கிருமி நீக்காத நீரின் தீங்கு மிகப் பெரிது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. வயிற்றுப்போக்கால் முதலில் வாடுவோர் நம் குழந்தைகளே. ஆதலின் இலைச்சாற்றைக் குறைப்போம், குளோரினை நிறுத்தாதிருப்போம்.