காசு கிடைத்த இடம்

(வட்டார வள மையத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு நடந்த பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘உள்ளூர் வரலாற்றுச் சான்றுகள்’. கல்வெட்டு, நடுகல், முதுமக்கள் தாழி என்று அதில் பேச நிறைய இருக்கிறது. நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தோட்டத்துச் சாளையைச் சுற்றி மண்ணில் கிடைக்கும் பழைய காசு. காரணம், கல்வெட்டைப் பார்க்க நாம் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும். காசு அப்படியில்லை, அது பிள்ளையின் சட்டைப் பையில் ஏறி நம் மேசைக்கே வந்துவிடுகிறது. வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நமக்குத் தெளிவு இல்லை.

இப்போது இன்னொரு புதுச் சங்கதியும் சேர்ந்திருக்கிறது. மெட்டல் டிடெக்டர் என்ற கருவி இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. எங்கள் பகுதியில் ஒரு சாளைக்கு இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, “தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துத் தருகிறோம், கிடைத்தால் பாதிப் பாதி” என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பையன் மறுநாள் வகுப்பில் கேட்டான்: “சார், அது நெசமாலுமே புதையலைக் காட்டுமா?”

காட்டாது. அது உலோகத்தை மட்டும்தான் காட்டும். அதன் வட்டமான தலைக்குள் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மாறும் மின்னோட்டம் பாயும்போது மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, கருவி அதை உணர்ந்து ஒலி எழுப்புகிறது. நம் அறிவியல் பாடத்தில் இருக்கும் மின்காந்தத் தூண்டல்தான், வேறு மந்திரம் இல்லை. சின்னக் காசு என்றால் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் சாதாரணக் கருவிக்கு எட்டுவது கடினம். ஒரு விவசாயத் தோட்டத்தில் அது எதற்கெல்லாம் கத்தும் என்று நினைத்துப் பாருங்கள்: சோடா மூடி, லாட ஆணி, கலப்பைக் கொழுவின் முனை, மோட்டார் வயர்த் துண்டு, மாத்திரை அட்டை. நூறு முறை கத்தினால் தொண்ணூற்றொன்பது முறை குப்பைதான் வரும்.

ஆனால் சில வேளைகளில் குப்பை அல்லாததும் வருகிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு நிகழ்வு உண்டு. வகுப்பில் நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சஃபோக் மாவட்டம். அங்கே ஹாக்சன் என்றொரு கிராமம். பீட்டர் வாட்லிங் என்ற விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அவருடைய நண்பர் எரிக் லாஸ், பணி ஓய்வின்போது பரிசாகக் கிடைத்த ஒரு மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தார். “கொஞ்சம் தேடிக் கொடு” என்று கூப்பிட்டார் விவசாயி. 1992 நவம்பர் 16ஆம் நாள் அது. கருவி பலமாகக் கத்திய இடத்தில் தோண்டினால் வெள்ளிக் கரண்டிகள், தங்க நகை, காசு காசாக வந்துகொண்டே இருந்தது.

இந்த இடத்தில் கதையை நிறுத்திப் பிள்ளைகளிடம் கேட்பேன்: “நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” எல்லாவற்றையும் தோண்டி எடுப்போம் என்பார்கள். லாஸ் கொஞ்சம் எடுத்தார், பிறகு கையை எடுத்துவிட்டார். நிலம் மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. வாட்லிங் குத்தகை விவசாயி. நிலச் சொந்தக்காரருக்கும் போலீசுக்கும் தகவல் போனது. மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து, மண்ணோடு மண்ணாகப் பெரும் கட்டிகளாக வெட்டி எடுத்துப்போய் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பொறுமையாகப் பிரித்தார்கள்.

ஏறத்தாழ 15,000 ரோமானியக் காசுகளும் 200 அளவில் தங்க, வெள்ளிப் பொருள்களும் கிடைத்தன. ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த எண்ணிக்கை அல்ல. எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள், சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தது என்பது தெரிந்ததே, அதுதான் பெரிது. மரம் மக்கிப் போய்விட்டது. கீலும் பூட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆகவே இது அவசரத்தில் குழிக்குள் கொட்டியதல்ல, ஒரு குடும்பம் நிதானமாகக் கட்டிப் புதைத்தது என்று சொல்ல முடிந்தது. கடைசிக் காசு கி.பி. 407 - 408ஐச் சேர்ந்தது. எனவே புதைத்தது அதற்குப் பிறகுதான். பிரிட்டனில் ரோம ஆட்சி நொறுங்கிக்கொண்டிருந்த காலம். திரும்ப வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று புதைத்தவர்கள் வரவே இல்லை. லாஸ் அன்று முழுவதையும் தோண்டி ஒரு சாக்கில் போட்டிருந்தால் காசும் கரண்டியும் அப்படியேதான் இருந்திருக்கும். இந்தக் கதை மட்டும் போயிருக்கும்.

அந்தப் பெட்டியில் நம்மோடு தொடர்புள்ள ஒரு பொருளும் இருந்தது. நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள். ஒன்று சீமாட்டி ஒருத்தியின் உருவில் செய்தது. அடியில் திருகும் தட்டு, மிளகுத்தூளை நிரப்பவும் தூவவும். மிளகு இங்கிலாந்தில் விளையாது. நம் மேற்குக் கடற்கரை மலைகளிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு அது. அந்த வணிகத்தின் முந்தைய காலத்தில் அதற்கு ஈடாக இங்கே வந்த தங்கமும் நம் மண்ணிலேயே கிடைத்திருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் வெட்டியிருக்கிறார்கள். ஏன் வெட்டினார்கள் என்பதற்கு அறிஞர்கள் பல விளக்கம் சொல்கிறார்கள். இனி இது செலாவணியில் செல்லாது, வெறும் தங்கம் என்று காட்டுவதற்காக என்பது அதில் ஒன்று. உலக வரைபடத்தை மாட்டி ஹாக்சனில் ஒரு புள்ளி, கருக்காக்குறிச்சியில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். ரோமானிய வணிகப் பாடத்தை அதற்குமேல் நடத்த வேண்டியதில்லை.

சரி, நம் தோட்டத்துக்கு வருவோம். பிள்ளைகள் கொண்டுவரும் காசில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகவே இருக்கும். ஐந்தாம் ஜார்ஜ் காலணா, 1940களின் ஓட்டைக் காலணா. அடுத்து கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு. எப்போதாவது நாயக்கர் காலத்துச் சின்னச் செப்புக் காசு, ராஜராஜன் காசு. சாளையைச் சுற்றி ஏன் கிடைக்கிறது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். களத்தில் நெல்லும் சோளமும் அடித்த காலம்; கூலி வாங்கியவர் மடியில் முடிந்த காசு நழுவியிருக்கும். தொழுவத்தில் விழுந்தது சாணத்தோடு குப்பைக்குழிக்குப் போய், அங்கிருந்து எருவாகக் காட்டுக்கே போயிருக்கும். இன்னொன்றையும் மறக்காமல் கேட்க வேண்டும்: இந்த மண் எங்கிருந்து வந்தது? ஏரி வண்டல் அடித்த தோட்டமாக இருந்தால் காசு தோட்டத்துடையதல்ல, ஏரியுடையது. வீடு கட்ட இறக்கிய ஆற்று மணலாக இருந்தால் இன்னும் தூரம். கரூரில் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. எத்தனை லாரி மணல் எங்கெங்கே போய் இறங்கியது என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தென்னைக்கு வட்டப்பாத்தி எடுக்கும்போது கிடைத்தது என்று ஏழெட்டுக் காசுகளைக் கொண்டுவந்தாள். பளபளவென்று இருந்தன. அம்மா புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுப் பித்தளைக்குச் செய்வதைத்தான் செய்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் செம்பின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சைப் படலம் காசைக் காக்கும் போர்வை. அதைத் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போகும். மண்ணை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். புளி, எலுமிச்சை, பற்பசை, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். ஈயக் காசாக இருக்கலாம் என்பதால் தொட்ட பிறகு கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள்.

எந்தத் தென்னைக்கு அடியில் என்று கேட்டேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். “தாத்தா எடத்தைச் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க சார். சொன்னா கவருமெண்டுக்காரங்க வந்து தோட்டத்தை எடுத்துக்குவாங்களாம்.”

நண்பர்களே, இந்தப் பயம்தான் நம் உண்மையான சிக்கல். இதனால்தான் காசு நகைக்கடை உருக்குச்சட்டிக்கோ, வழியோடு வரும் வியாபாரியிடமோ போய்ச் சேருகிறது. ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, எங்கே, என்றைக்கு. அன்றைய 10 ரூபாய் பெரிய தொகை. இன்று அது ஒரு டீக்குக்கூடப் போதாது. தெரிவிக்காமல் மறைத்தால் தன் பங்கு பறிபோகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு விசாரிப்பார். உரியவர் எவரும் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் இடையே வேறு உடன்பாடு இல்லாத நிலையில், நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு நிலக்காரருக்கு. அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் உலோக மதிப்பையும் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். காசு கிடைத்ததற்காகத் தோட்டத்தைப் பறித்துக்கொள்ள அந்தச் சட்டத்தில் வழியே இல்லை. இதை அந்தத் தாத்தாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். இரண்டு முறை திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு அவரே எழுந்து வந்து தென்னையைக் காட்டினார்.

உலோக மதிப்பும் ஐந்தில் ஒரு பங்கும் என்பது மிகக் குறைவு என்பது என் கருத்து. ஈயக் காசுக்கு உலோக மதிப்பு என்ன வரும்? ஹாக்சன் புதையலுக்கு 1993இல் 17.5 லட்சம் பவுண்டு மதிப்பிட்டு லாஸுக்குக் கொடுத்தார்கள். அன்றைய சட்டப்படி அது கண்டெடுத்தவருக்கு மட்டும் உரியது. அவர் அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். 1996இல் அங்கே புதிய சட்டம் வந்தது. 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், சந்தை விலைக்கு ஈடான தொகை கிடைக்கும். புதையல் என்ற வரையறைக்குள் வராத ஒற்றைக் காசையும் பித்தானையும்கூடத் தாமாக முன்வந்து பதிவுசெய்ய ஒரு திட்டம் 1997இல் தொடங்கியது; பத்து லட்சத்துக்கும் மேல் பொருள்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் பதிவு செய்துவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்தக் கடைசிப் பழக்கத்தை நாம் நாளைக்கே பள்ளியில் பின்பற்றலாம். காசை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பீரோவில் பூட்டி ‘பள்ளி அருங்காட்சியகம்’ என்று எழுதி ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆசிரியர் மாறுதலில் போவார், சாவி தொலையும். குடும்பத்துக்கும் நம்மேல் சந்தேகம் வரும். ஒரு நோட்டுப் போடுங்கள். காட்டின் பெயர், கிணற்றிலிருந்து எத்தனை அடி, எத்தனை சாண் ஆழம், கூடவே பானை ஓடு, கரி, எலும்பு ஏதும் இருந்ததா, வெளிமண் அடித்த இடமா, கிடைத்த நாள், கண்டெடுத்த பிள்ளையின் பெயர். காசின் இரண்டு பக்கமும் அளவுகோல் வைத்து ஒரு படம், எடை. பிறகு வீட்டுக்கே கொடுத்துவிட்டு, பெற்றோரிடம் சட்டத்தை எடுத்துச் சொல்லி, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ நேராகவோ தகவல் எழுத உதவுங்கள். எழுத்தைப் படிக்க மாவட்ட அரசு அருங்காட்சியகத்தில் கேட்கலாம்.

குவியலாகவோ பானையோடோ கிடைத்தால் மட்டும் ஒரே ஒரு விதி: தோண்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டு மேலே சாக்கைப் போட்டு மூடு, ஆளை அனுப்பு. பிள்ளைகளுக்கு இது மனப்பாடமாக வேண்டும்.

கருவியோடு வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வணிகமாக வாங்கி விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. “பாதிப் பாதி” என்று வருகிறவர் இதில் எதையும் சொல்வதில்லை. கருவிக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் இருந்தால் அது புதையல் தேடுவதே அல்ல, உங்கள் வீட்டுப் பணத்தைத் தேடுவது என்று பெற்றோர் கூட்டத்தில் துணிந்து சொல்லுங்கள்.

கேட்க மறந்திருப்பீர்கள்; பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அந்தச் சுத்தியல் கிடைத்ததா? கிடைத்தது. இப்போது அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்கள் பள்ளி நோட்டை எடுத்து வந்திருக்கிறேன். அந்தத் தென்னை பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் பாருங்கள்; மாதிரிப் படிவம் வேண்டுவோர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.