மேடையை எங்கே இறக்குவது?



மாணவச் செயல்திட்டமாக நாங்கள் செய்த நாடக அரங்கு ஒரு லோடு ஆட்டோவில் அடங்கும். ஆறு மூங்கில், கயிறு, பழைய மீன்வலை. தூத்துக்குடிக் கடற்கரையில் படுதா கட்டினால் காற்று அதைப் பாய்மரமாக்கிவிடும். வலையில் புகுந்து போய்விடும். இரும்புக் குழாயை உப்புக்காற்று தின்றுவிடும். (இதைச் சொல்லித்தந்தவர்கள் திரேஸ்புரத்தில் வலை பின்னும் அண்ணன்கள், பாடப்புத்தகம் அல்ல.)

மதிப்பிட வந்தவர்கள் எடை கேட்டார்கள், செலவு கேட்டார்கள். எங்கே போடுவீர்கள் என்று கேட்கவில்லை.

இதே மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் காலத்து நாடகக் கம்பெனிகளும் திரைச்சீலையைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவைதான். கொட்டகைக்குள் நாற்காலி, பெஞ்சு, தரை என்ற வரிசை மட்டும் மாறவில்லை. வங்கத்தில் பாதல் சர்க்கார் 1970களில் மேடையை விட்டிறங்கி, பார்வையாளர் நடுவே நாடகம் போட்டார். எங்கள் அரங்குக்கும் முன்வரிசை கிடையாது, சுற்றி உட்காரலாம்.

சேரிக்கு நாடகம் கொண்டுபோகிறீர்களா, நல்லது என்கிறார்கள். சாதி ஒழிப்பு நாடகத்தைச் சேரியில் மட்டும் போட்டால், அடி வாங்கியவர்களுக்கே அடியைப் பற்றி வகுப்பெடுக்கிறோம். ஊர்த்தெருவிலும் இறக்க வேண்டும். அங்கே குழி தோண்ட விடமாட்டார்கள் என்றுதான் மூங்கில்களை மணல்மூட்டையில் நிறுத்தினோம். பூட்டப் பதினைந்து நிமிடம், கழற்ற ஏழு. கழற்றும் நேரத்தை ஏன் அவ்வளவு குறைத்தோம் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த மாதம் ஓர் ஊர்த்தெருவில் இறக்குகிறோம். மூங்கிலுக்கு ஒருவர் வேண்டும். இதுவரை நான்கு பேர் இருக்கிறோம்.