புதிய மடிக்கணனியும் பொய் நொத்தாரிசும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்திலே ஆற்றிய பேச்சு)



இன்னும் மாணவனாயிருக்கும் என்னை இச்சபையிலே பேசும்படி காரியதரிசியார் பணித்தபோது, எதைப் பேசுவதென்று இரண்டு நாள் தடுமாறினேன். தெரிந்ததைப் பேசுதலே நன்றென எண்ணி, இன்று நம்மில் பலருடைய வீட்டு மேசைமேல் இருக்கும் மடிக்கணனியைப் பற்றிப் பேசத் துணிந்தேன். அது பழுதாவதைப் பற்றியன்று. கடையிலிருந்து புதிதாய் வரும்போதே, நாம் கேளாமல் அதனுள் வந்து அமர்ந்திருக்கும் மென்பொருள்களைப் பற்றி.

நான் பல்கலைக்கழகம் புகுந்த ஆண்டிலே என் தந்தையார் எனக்கு ஒரு மடிக்கணனி வாங்கித் தந்தார். சேமிப்புப் புத்தகத்திலே இருந்ததிற் பெரும்பகுதி அதற்கே போயிற்று. பெட்டியைப் பிரித்துத் திறந்தோம். திரையிலே ஒரு விளையாட்டு. ஒரு மாதத்திற்கு மட்டும் இலவசமான வைரசுக் காவல். என்ன செய்வனவென்றே விளங்காத நாலைந்து ‘உதவியாளர்கள்’. “இவ்வளவும் சும்மா தந்திருக்கிறாங்கள், பார்த்தியா தம்பி” என்று தந்தையார் மகிழ்ந்தார். எனக்கும் அன்று அப்படியே தோன்றிற்று.

அவை சும்மா தரப்பட்டவையல்ல என்பதைப் பின்னரே அறிந்தேன். மடிக்கணனி ஒன்றை விற்பதனால் உற்பத்தியாளருக்குக் கிடைக்கும் இலாபம் சிறிது. ஆதலால், தம் மென்பொருளைப் புதுக் கணனிகளில் ஏற்றிவிடும்படி கேட்கும் வேறு கம்பனிகளிடம் அவர்கள் பணம் பெறுவதுண்டு. நாம் புதுவீட்டிற் குடிபுகச் செல்கின்றோம். மேசன்மார் யாரிடமோ காசு வாங்கிக்கொண்டு அந்நியர் நால்வரைத் திண்ணையிலே இருத்திவிட்டுப் போயிருக்கின்றனர். அந்நால்வரும் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா இருந்தால் நமக்கு இடைஞ்சல் மாத்திரமே. அவர்களுள் ஒருவன் எழுந்து உள்ளே போய்ச் சாவிக்கொத்தைக் கையிலெடுத்தால் கதை வேறு. அக்கதையைத்தான் சொல்லப் போகின்றேன்.

2014 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, லெனோவோ என்னும் சீன நிறுவனம், வீட்டுப் பாவனைக்கென விற்ற மடிக்கணனிகள் சிலவற்றிலே சூப்பர்ஃபிஷ் என்னும் கம்பனியின் மென்பொருளை ஏற்றி விற்றது. 2005 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணனி வியாபாரத்தை வாங்கிய அதே லெனோவோதான், பெட்டிக்கடை அன்று. அந்த மென்பொருளின் வேலை, நாம் இணையத்திலே ஒரு சப்பாத்தின் படத்தைப் பார்த்தால், அதைப்போன்ற சப்பாத்துகளின் விளம்பரங்களை இடையிலே செருகுவது. இவ்வளவே. ஆனால் இணையத்திலே பல பக்கங்கள் முத்திரையிட்ட உறைபோல மூடப்பட்டு வருவன. அவற்றினுள் விளம்பரம் செருக வேண்டுமானால் உறையை உடைத்தாக வேண்டும். அதை உடைத்த விதந்தான் கவனிக்கத்தக்கது.

பெரியோர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றைக் கொண்டு விளக்குகின்றேன். காணி வாங்கும்போது உறுதியைப் பார்க்கின்றோம். அதை நாம் நம்புவது விற்பவரின் முகத்தைக் கண்டன்று. நொத்தாரிசின் ஒப்பத்தையும் முத்திரையையும் கண்டே. இணையத்திலும் அவ்வாறே. வங்கியின் தளத்தை நாம் திறக்கும்போது, “நான் இன்ன வங்கி” என்று அது ஒரு சான்றிதழைக் காட்டுகின்றது. அதிலே ஒரு சான்றளிப்பு நிறுவனத்தின் ஒப்பம் இருக்கும். நம்பத்தக்க நிறுவனங்கள் எவையென ஒரு பட்டியல் கணனியினுள்ளேயே உண்டு. அதையே நொத்தாரிசுமார் பட்டியல் என்று கொள்ளுங்கள். ஒப்பம் அப்பட்டியலிலுள்ள ஒருவருடையதானால் கணனி மறுபேச்சின்றித் திறக்கும். இல்லையேல் எச்சரிக்கும்.

சூப்பர்ஃபிஷ் செய்தது யாதெனில், அந்தப் பட்டியலிலே தன் பெயரையும் எழுதிக்கொண்டது. அதன்பின், பாதுகாப்பான தளம் எதை நாம் திறந்தாலும், உண்மையான சான்றிதழைத் தான் வாங்கி வைத்துக்கொண்டு, அந்தக் கணமே தன் ஒப்பத்தோடு வேறொன்றை எழுதி நமக்குக் காட்டிற்று. பாங்க் ஒஃப் அமெரிக்கா என்னும் வங்கியின் தளத்திற்கு சூப்பர்ஃபிஷ் ஒப்பமிட்டிருந்த சான்றிதழின் படத்தை அக்காலத்திலே பலரும் கண்டனர். விளம்பரக் கம்பனி ஒன்று வங்கிக்கு நொத்தாரிசாயிற்று!

நான் படித்த மிஷன் பாடசாலையிலேயே என் தந்தையாரும் விடுதி மாணவராய் இருந்தவர். அக்காலத்திலே விடுதிப் பொறுப்பாளர் மாணவர்க்கு வரும் கடிதங்களை உடைத்துப் படித்த பின்னரே கொடுப்பாராம். அது சரியோ பிழையோ, மாணவர்க்குத் தெரியும், வீட்டாருக்கும் தெரியும், அதற்கேற்பவே எழுதினார்கள். இங்கேயோ உறையை உடைத்து, மீண்டும் ஒட்டி, புதிய முத்திரையும் குத்தி, ஒன்றும் நடவாததுபோலக் கையிலே கொடுத்தார்கள். உடைபட்டது என்பதே பெறுபவர்க்குத் தெரியாது.

இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. ஒப்பமிடுவதற்கான இரகசியத் திறவுகோலை ஒவ்வொரு கணனியினுள்ளும் வைத்திருந்தார்கள். அதுவும் எல்லாக் கணனிகளிலும் ஒரே திறவுகோல். 2015 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆந் திகதி, றொபேட் கிரஹாம் என்னும் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அதை வெளியே எடுத்து, அதற்கிட்ட கடவுச்சொல்லையும் கண்டுபிடித்தார். அவருக்கு வேண்டியிருந்தது சுமார் மூன்று மணி நேரம். கடவுச்சொல் என்ன தெரியுமா? கொமோடியா. உறையை உடைக்கும் கருவியைச் செய்து கொடுத்த கம்பனியின் பெயரே அது! நம் வாலிபர் சிலர் தங்கள் பெயரையே கடவுச்சொல்லாக வைப்பதைக் கண்டு நான் சிரித்ததுண்டு, இனிச் சிரிக்கமாட்டேன்.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு தேநீர்க்கடையின் கம்பியில்லா இணைப்பிலே, அக்கணனி வைத்திருப்பவர் ஒருவர் வங்கிக் கணக்கைத் திறக்கின்றார். பக்கத்து மேசையிலே அத்திறவுகோலைப் பெற்ற ஒருவன் இருந்தால், அவன் தானே அந்த வங்கியென்று சான்றிதழ் எழுதிக் காட்டலாம். கணனி அதை எச்சரிக்கையின்றி ஏற்கும். நொத்தாரிசின் முத்திரையைச் சந்தையிலே எறிந்துவிட்டாற் போலாயிற்று.

லெனோவோ முதலிலே, ஆராய்ந்து பார்த்தோம், பாதுகாப்புப் பற்றிய அச்சத்திற்கு ஆதாரம் காணவில்லை என்றே அறிக்கை விட்டது. திறவுகோல் வெளிவந்தபின் அவ்வசனம் மறைந்தது. மறுநாள் அமெரிக்க அரசின் கணனி அவசர எச்சரிக்கைப் பிரிவு அதை அகற்றும்படி அறிவித்தது; மைக்ரோசொப்டும் தன் காவல் மென்பொருள் மூலம் அதை அகற்றத் தொடங்கிற்று. 2017 செப்டெம்பரிலே, அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவோடும் 32 மாநிலங்களோடும் லெனோவோ இணக்கத்திற்கு வந்து, அம்மாநிலங்களுக்கு 35 இலட்சம் டொலர் கட்டியது. முன்னேற்றப்படும் மென்பொருள்களின் பாதுகாப்பை இருபது ஆண்டுகள் பரிசோதித்துவரவும் உடன்பட்டது. அந்நாட்டில் விற்கப்பட்ட கணனிகள் பல இலட்சம்.

அந்நிறுவனம் எவருடைய பணத்தையும் திருட நினைத்ததென்று நான் சொல்லவில்லை. பிறர் கொடுத்ததைத் திறந்து பாராமலே தன் பெயர் பொறித்த பெட்டியில் வைத்து விற்றது. எனக்கு அச்சந்தருவது அதுதான். திருடனுக்கென்றால் நாம் கதவைப் பூட்டுவோமல்லவா?

2015 நவெம்பரில் டெல் நிறுவனத்துக் கணனிகளிலும் இதையொத்த சான்றிதழ் ஒன்று, இரகசியத் திறவுகோலோடு கூடவே அகப்பட்டது. அது விளம்பரத்திற்கன்று, வாடிக்கையாளருக்கு உதவி செய்யும்போது கணனியை அடையாளங்காண்பதற்காம். அதை அழித்தாலும் கணனியை மீண்டும் இயக்கியதும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்! டெல் மன்னிப்புக் கேட்டு, நீக்கும் வழியையும் வெளியிட்டது. 2016 இல் டுவோ என்னும் பாதுகாப்பு நிறுவனம் ஐந்து பெரிய உற்பத்தியாளரின் புதுக் கணனிகளைச் சோதித்தபோது, அவர்கள் ஏற்றியனுப்பிய புதுப்பிப்பு மென்பொருள்களிலே பாரதூரமான ஓட்டை இல்லாதவர் ஒருவரேனும் இல்லை.

“அமெரிக்காவிலே நடந்தது நமக்கென்ன?” என்று பெரியவர் ஒருவர் வாசலிலே என்னைக் கேட்டார். ஐயா, நம் கடைகளில் விற்பனவும் அதே உற்பத்தியாளரின் கணனிகளே. தங்கள் நிலையான வைப்பைத் தங்கள் பேரன் எந்தக் கணனியிலே பார்த்துச் சொல்கின்றான் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

செய்யவேண்டியது அதிகமில்லை. புதுக் கணனியிலே எந்தக் கடவுச்சொல்லையும் எழுதுமுன், உள்ளே ஏற்றப்பட்டிருக்கும் மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாய்ப் பாருங்கள். வேண்டாதவற்றை நீக்குங்கள். ஆனால் நீக்கினால் முடிந்ததென்று எண்ணவேண்டாம். சூப்பர்ஃபிஷை நீக்கியபின்னும் அதன் சான்றிதழ் பட்டியலிலேயே இருந்தது; ஆள் போயும் முத்திரை போகவில்லை. அதைத் தனியே தேடி அழிக்க வேண்டியதாயிற்று. விண்டோஸைப் புதிதாய் ஏற்றுதல் இன்னும் நல்ல வழி. அதுவும் முழுக் காப்பன்று. 2015 இல் லெனோவோவின் சில கணனிகளிலே, அப்படி ஏற்றியபின்னும் தாய்ப்பலகையினின்று மென்பொருள் திரும்பி வந்ததைக் கண்டார்கள்.

வாலிப அன்பர்க்கு ஒரு வார்த்தை: ஆத்திரத்திலே எல்லாவற்றையும் அழிக்கவேண்டாம். நான் அப்படிச் செய்து, இரண்டு நாள் என் கணனி ஊமையாய் இருந்தது. வேண்டாததோடு ஒலிக்கு வேண்டியதும் போய்விட்டது.

வரும் ஞாயிறு பிற்பகல் மூன்று மணி முதல் சங்க நூலகத்திலே இருப்பேன். புதுக் கணனி வாங்கியோர் கொண்டுவந்தால், பட்டியலை இருவருமாய்ப் பார்க்கலாம். மின்னேற்றியையும் மறவாமல் கொண்டுவாருங்கள். நூலகத்திலே இருப்பது ஒன்றுதான், அதுவும் எனக்கே வேண்டும்.