சுவிட்சு மாற்றியபின் மின்சாரம் போனால்…

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டிய நான் இன்று வீட்டு மின்சாரத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். பழுதான விளக்குச் சுவிட்சைப் பலரும் தாமே மாற்றுகிறார்கள். மாற்றியதும் அந்த விளக்கு எரியும். ஆனால் அடுத்த அறை இருண்டு விடும். சில சமயம் வீடு முழுவதுமே இருண்டு விடும். அப்போது அவசரப்பட்டுக் கை வைப்பது உயிருக்கே ஆபத்து. காரணத்தை அறிந்து செயல்பட வேண்டும்.

மின்சாரம் வரும் வழி

நம் வீட்டுக்கு 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. பேஸ் கம்பி நீர் கொண்டு வரும் வாய்க்காலைப் போன்றது. நியூட்ரல் கம்பி வடிகாலைப் போன்றது. சுவிட்சு என்பது பேஸ் கம்பியில் அமைந்த மடை.

ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனித்தனியே பேஸ் கம்பி வருவதில்லை. பெரும்பாலும் ஒரு சுவிட்சின் திருகிலிருந்து அடுத்த சுவிட்சுக்கு அது தொடர்ந்து செல்லும். பழைய சுவிட்சில் ஒரே திருகில் இரண்டு கம்பிகள் இருந்ததன் காரணம் இதுதான். அவற்றில் ஒன்றை விட்டுவிட்டால், தலைமடையோடு நீர் நின்று கடைமடை காய்வது போல, அதற்கு அப்பால் உள்ளவற்றுக்கு மின்சாரம் போகாது. அந்தக் கம்பியை விளக்குக்குச் செல்லும் திருகில் மாட்டினாலோ, இந்தச் சுவிட்சைப் போட்டால்தான் அடுத்த அறையில் விளக்கு எரியும்.

முதலில் பாதுகாப்பு

வயலிலிருந்து வந்த ஈரக் கையோடும் வெறுங்காலோடும் சுவிட்சுப் பலகையைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதையும் நிறுத்த வேண்டும். மெயினை நிறுத்திய பின்பும் அதிலிருந்து கம்பிகளில் மின்சாரம் வரும். மின்சாரம் உள்ள இடத்தில் டெஸ்டர் எரிகிறதா என்று முன்னதாகவே சோதித்து வைத்துக்கொண்டு, மெயினை நிறுத்தியபின் கம்பிகளைச் சோதியுங்கள்.

பழுதைக் கண்டறிதல்

1. வீடு முழுவதும் இருண்டால், பக்கத்து வீட்டில் மின்சாரம் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் நம் மெயின் பலகையில் பியூஸ் போயிருக்கலாம், அல்லது எம்.சி.பி. விழுந்திருக்கலாம். எம்.சி.பி.யை முழுவதும் கீழே தள்ளிய பிறகே மேலே ஏற்ற வேண்டும்.

2. ஒரு பகுதி மட்டும் இருண்டால், விடுபட்ட அல்லது சரியாக முடுக்காத தொடர் கம்பியைத் தேடுங்கள்.

3. சுவிட்சைப் போட்டவுடன் பியூஸ் போனால், பேஸையும் நியூட்ரலையும் ஒரே சுவிட்சின் இரு முனைகளில் மாட்டியிருக்கலாம். பிளக் உள்ள பலகைக்கு நியூட்ரலும் வருவதால் இந்தத் தவறு எளிதில் நேரும். சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது வழக்கம்; ஆனால் பழைய வீடுகளில் நிறத்தை மட்டும் நம்பலாகாது.

4. பிளக்கின் இரு துளைகளிலும் டெஸ்டர் எரிந்தால், நியூட்ரல் அறுந்திருக்கலாம். விளக்கு எரியாவிட்டாலும் கம்பியில் மின்சாரம் உண்டு. எச்சரிக்கை!

5. கசிவு மின்சாரத்தைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்தால், ஈரச் சுவரிலோ இரும்புப் பெட்டியிலோ கம்பி படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதை நீக்கிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்காதீர்கள்.

செய்யக் கூடாதவை

பியூஸ் மறுபடியும் போனால் தடித்த கம்பியைக் கட்டாதீர்கள். பியூஸ் தப்பும், சுவருக்குள் உள்ள கம்பி தீப்பிடிக்கும். மீட்டரையும் அதற்கு முன்னுள்ள பியூஸையும் நாம் தொடக் கூடாது. மின் அலுவலகத்தில் புகார் செய்யுங்கள். மேற்கூறியவற்றில் தெளிவு கிடைக்காவிட்டால் மெயினை நிறுத்தி வைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். ஓர் இரவு அரிக்கேன் விளக்கில் கழிந்தால் நட்டமில்லை.

அடுத்த முறை சுவிட்சைக் கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே திருகில் இருந்த கம்பிகளைக் கழற்றியவுடன் நூலால் சேர்த்துக் கட்டி வையுங்கள். இந்தச் சிறு வேலை பெரிய தொல்லையைத் தவிர்க்கும்.