சனசமூக நிலையத்தைப் பேணுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களிலே, கோயிலுக்கும் பாடசாலைக்கும் அடுத்தபடியாக மக்கள் கூடும் இடம் சனசமூக நிலையம். வாசிகசாலை என்றாலே முதியவர்களுக்கு விளங்கும். கிடுகு வேய்ந்த கொட்டிலில், ஒரு வாங்கும் இரண்டொரு பத்திரிகையுமாகத் தொடங்கியவை பல. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றியபின், ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர்.

அவற்றைக் கட்டியவர்கள் ஊரவர்; நடத்துபவர்களும் ஊரவரே. கட்டுவதற்கு வேண்டிய ஊக்கம் வேறு, காப்பதற்கு வேண்டிய பொறுமை வேறு. அடிக்கல் நாட்டு விழாவுக்குத் திரளும் கூட்டம் கூரை பார்க்கும் நாளில் வருவதில்லை.

கூரையையே எடுத்துக்கொள்வோம். காற்றில் ஓர் ஓடு விலகுகின்றது. ஐப்பசியில் மாரி தொடங்கியதும் அவ்விடைவெளியால் நீர் இறங்கிச் சுவரை நனைக்கின்றது. ஈரங்கண்ட சுவரிற் கறையான் ஏறி, மேலேயுள்ள மரத்தை அரிக்கின்றது. விலகிய ஓட்டைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போதும். சில மாரிகள் கழிந்தாலோ கூரை முழுவதையும் இறக்க நேரிடும். ஆதலின், ஆவணி புரட்டாதியிலேயே ஏணி வைத்தேறி ஓடுகளைப் பார்த்து, பீலியிலுள்ள சருகை அகற்றிவிடல் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானம் இதற்குப் போதுமானது. தேநீருக்கு மட்டும் குறைவிருத்தலாகாது!

ஓட்டைவிட எளிதில் விலகுவது நம்பிக்கை. தனாதிகாரி நேர்மையாளராகவே இருக்கலாம். ஆயினும், மண்டபத்தை விழாவுக்குக் கொடுத்துப் பெற்ற பணத்தையும் தம் வீட்டுப் பணத்தையும் ஒரே சட்டைப்பையில் வைத்துவிட்டால், ஊர்வாய் அவரைக் கள்வனாக்கிவிடும். அடுத்த ஆண்டு அப்பதவிக்கு எவரும் முன்வரார். இலக்கமிட்ட பற்றுச்சீட்டும், வங்கிக் கணக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உரத்து வாசிக்கப்படும் வரவு செலவும் நிலையத்தைக் காப்பதோடு அந்த நல்ல மனிதரையும் காக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். பெயரிலே சனசமூகம் என்றிருந்தும், ஒரு சாதியார்க்கே உரியதாய் நடந்த நிலையங்கள் உண்டு. வாசலில் நின்று திரும்பியவர்கள் தமக்கென வேறொன்றைக் கட்டிக்கொண்டனர். ஒரே ஊரில் இரண்டு கூரை, இரண்டு மின்கட்டணம், இரண்டிலும் பாதி வெறுமையான வாங்குகள். எல்லோருக்கும் திறவாத மண்டபத்துக்கு எல்லோரும் தோள்கொடுப்பர் என எதிர்பார்ப்பது எங்ஙனம்?

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது குடாநாட்டின் ஊர்கள் பல ஆளற்றுப் போயின. மீண்டு வந்தோர் பலர் கண்டவை கூரையற்ற சுவர்களே. 2009இன் பின்னர், இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வாழும் ஊரவர் அனுப்பிய பணத்தால் மேடையுடன் கூடிய புதிய மண்டபங்கள் எழுந்தன. அன்பளித்தவர் பெயர் கல்வெட்டிலே விளங்குகின்றது. தரையைக் கூட்டுவார்தான் இல்லை. பிரதேச சபையின் உதவியை மட்டும் நம்பியிருத்தல் போதாது. கட்டடத்துக்கு வரும் பணத்தில் ஒரு பங்கை நிலையான வைப்பிலிட்டு, அதன் வட்டியைப் பராமரிப்புக்கு ஒதுக்குமாறு கொடையாளரிடம் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். கேட்பதிற் குறைவொன்றுமில்லை.

பத்திரிகையைக் கைத்தொலைபேசியிற் பார்க்கும் இளைஞர் வாசிப்புக்காக மட்டும் வருவாரல்லர். காலையில் முன்பள்ளி, மாலையில் மாணவர் படிப்பு, இரவில் நாடக ஒத்திகை என மண்டபம் திறந்திருந்தால் வருவர். அவர்களுள் ஒருவரை உபகாரியதரிசியாக்கிக் கூட்டக் குறிப்பை எழுதவிடுக. திறவுகோல் ஒன்றையும் அவர் கையிற் கொடுத்துவிடுக.