முதற்படகும் மீன் காட்டும் கருவியும்

(மும்பை மாதுங்காவில் மாணவர்களும் அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாராவி, மாதுங்கா, செம்பூர் என்றவுடன் தமிழர் குடியிருப்புகளும் தோல் பதனிடும் தொழிலும் பள்ளிகளும் கோயில்களும் நம் நினைவுக்கு வருகின்றன. கடல் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும், 1909-ஆம் ஆண்டில் வெளிவந்த பம்பாய் கெஜட்டியர், தாராவியை நகரின் ஆறு பெரிய கோளிவாடாக்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. கோளி மீனவர்கள் வாழும் ஊரே கோளிவாடா. மித்தி ஆறும் மாஹிம் கழிமுகமும் மாசடைந்தபின் தாராவியில் அத்தொழில் நலிந்துவிட்டது. செம்பூரை அடுத்த மாஹுல், டிராம்பே ஆகிய இடங்களிலிருந்து இன்றும் படகுகள் புறப்படுகின்றன.

அத்தகைய ஓர் ஊரில் ஓர் இளைஞர் கடன் பெற்று முதன்முதலாகப் படகு வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். படகு, பொறி, வலை ஆகியவற்றுக்குப் பின் அவர் கையில் எஞ்சுவது சிறு தொகையே. அதைக் கொண்டு எத்தகைய மீன் காட்டும் கருவியை வாங்கலாம் என அவர் கேட்டால், நாம் என்ன விடை கூறுவோம்? இதுவே இன்றைய உரையின் பொருள்.

கருவியின் தத்துவம் எளிது. படகின் அடியில் பொருத்தப்பட்ட டிரான்ஸ்டியூசர் என்னும் உறுப்பு, ஒலித்துடிப்பை நீருக்குள் அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 30 மீட்டர் ஆழமுள்ள இடத்தில், தரையைத் தொட்டு எதிரொலி திரும்புவதற்கு ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்த நேரத்தைக் கணக்கிட்டு ஆழத்தைத் திரையில் காட்டுவதே கருவியின் அடிப்படைப் பணி. இடையில் மீன் இருப்பின் அதன் எதிரொலியும் தோன்றும். 1948-ஆம் ஆண்டில் ஜப்பானின் நாகசாகி பகுதியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் இக்கருவியை மீன்பிடித் தொழிலின் அன்றாடப் பயனுக்குக் கொண்டுவந்தனர். அதற்கு முன்னர், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தைப் பாகக் கணக்கில் அளந்ததும், கரையிலுள்ள குன்றையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து மீன் கூடும் பாரை அடையாளம் கண்டதும் நம் மீனவர்களின் முறைகளாகும்.

எதிரொலியின் பெரும்பகுதி மீனின் சதையிலிருந்து வருவதன்று. அதன் உடலிலுள்ள காற்றுப்பையிலிருந்து வருகிறது. கத்தாழை இனத்தைச் சேர்ந்த கோள் மீனுக்குப் பெரிய காற்றுப்பை உண்டு. அப்பைக்கே வணிகத்தில் பெருவிலை கிடைக்கிறது. அத்தகைய மீன் திரையில் தெளிவாகத் தோன்றும். ஆனால் மும்பைக் கடலின் அடையாளமான பொம்பில் மீனுக்குக் காற்றுப்பையே இல்லை. இறாலும் அவ்வாறே. ஆகவே, இவற்றை நம்பி வாழும் மீனவருக்கு விலையுயர்ந்த கருவியும் முழுமையான வழிகாட்டியாக அமையாது. மேலும், பொம்பிலைப் பிடிக்கும் டோல் வலை நீரோட்டத்துக்கு எதிராக நிலையாகக் கட்டப்படுவது. அதற்கு வேண்டுவது ஆழத்தையும் தரையின் தன்மையையும் பற்றிய அறிவு. மீனின் உருவம் அன்று.

ஆதலால் முதற்படகுக்கான கருவியை ஆழமானியாகவே முதலில் கருதுதல் வேண்டும். தேர்வு செய்யும்போது நான்கு செய்திகளை நோக்குதல் நலம்.

முதலாவது, அதிர்வெண். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி, குறைந்த ஆழத்தில் நுணுக்கமான காட்சியைத் தரும். 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி மிகு ஆழத்தை எட்டும். ஆனால் நுணுக்கம் குறையும். மும்பைக்கு அப்பால் கண்டத்திட்டு மிக அகலமானது. 160 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பம்பாய் ஹை எண்ணெய் வயலிலேயே ஆழம் ஏறத்தாழ 75 மீட்டர்தான். கரையோரம் தொழில் செய்யும் சிறு படகுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் ஒன்றே போதும். இரண்டுக்கும் விலை கொடுக்கத் தேவையில்லை.

இரண்டாவது, ஆற்றல். இதில் வாங்குவோர் எளிதில் ஏமாறுகின்றனர். ஒரே கருவியின் ஆற்றலை 300 வாட் என்றும் 2,400 வாட் என்றும் குறிப்பிட முடியும். முன்னது சராசரி அளவு. பின்னது உச்ச அளவு, அதாவது எட்டு மடங்கு. ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலர்கள் எந்த அளவு என்பதைத் தெளிவாக எழுதாவிடில், பெரிய எண்ணைக் காட்டும் சிறிய கருவியே மலிவானதாகத் தேர்வு பெறும்.

மூன்றாவது, பொருத்தும் முறை. படகின் உட்புறத்தில் ஒட்டும் டிரான்ஸ்டியூசர், உள்வெற்றிடமற்ற கண்ணாடியிழைப் படகில் இயங்கும், மரப்படகில் இயங்காது. விசிறி எழுப்பும் நீர்க்குமிழிகள் எதிரொலியைக் கெடுக்கும். தவறான இடத்தில் பொருத்திய உயர்ந்த கருவியினும் சரியான இடத்தில் பொருத்திய எளிய கருவியே சிறந்தது.

நான்காவது, திரையில் காண்பதை அறியும் பயிற்சி. 20 பாகைக் கோணமுள்ள ஒலிக்கற்றை, 30 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ பத்தரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்தையே காண்கிறது; அதுவும் படகுக்கு நேர் கீழே மட்டும். கருவி மீன் வடிவம் வரைந்து காட்டும்போது, அது மிதக்கும் பிளாஸ்டிக் பையாகவும் இருக்கலாம். மாஹிம் கழிமுகத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி விலையைக் கருதுவோம். எடுத்துக்காட்டாக, 30,000 ரூபாய்க் கருவி மூன்றாண்டு உழைக்கும் என்றும், ஆண்டுக்கு 150 முறை கடலுக்குச் செல்வதாகவும் கொள்வோம். ஒரு பயணத்துக்கு விழும் செலவு ஏறத்தாழ 67 ரூபாய். இன்றைய மும்பை விலையில் ஒரு லிட்டர் டீசலுக்கும் குறைவு. ஒன்றரை லட்ச ரூபாய்க் கருவியாயின் இது 333 ரூபாயாகும், வட்டி தனி. ஒவ்வொரு பயணத்திலும் அது ஏறத்தாழ நான்கு லிட்டர் டீசலை மிச்சப்படுத்துமா என்பதே கேள்வி. மிச்சப்படுத்தாது எனில், அக்கருவி கடனை அடைக்க உதவாது, கடனை வளர்க்கும்.

இக்கணக்கில் அரசின் பணிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐதராபாத்தில் 1999-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் கடற்பரப்பின் வெப்பநிலை, பச்சையம் ஆகியவற்றைக் கொண்டு மீன் கூடக்கூடிய பகுதிகளைக் கட்டணமின்றி அறிவிக்கிறது. எங்கே செல்வது என்பதற்கு அவ்வறிவிப்பும், காலடியில் என்ன உள்ளது என்பதற்குக் கருவியும் துணை நிற்கும். 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பயனாளிகளுக்கான இனங்களில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 60 சதவீதமும் உதவி வகுக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. கரையுடன் தொடர்பும், திரும்பும் வழியும், அதன்பின் மீனும் என்பதே புதியவரின் வரிசையாக இருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். கருவி மீனைக் காட்டும், மீனைப் பெருக்காது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையுள்ள 61 நாள் தடை, மீன்வளம் மீண்டும் தழைப்பதற்காகவே ஏற்பட்டது. அதை மதியாமல் திரையை மட்டும் பெரிதாக்கினால், இறுதியில் வெறுங்கடலையே தெளிவாகக் காண்போம்.

அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். உதவித்தொகையைக் கருவியின் வாட் அளவுக்கு வழங்காதீர்கள். படகுக்கும் கடலுக்கும் வலைக்கும் ஏற்ற பொருத்தத்துக்கு வழங்குங்கள். கருவியுடன் ஒரு நாள் பயிற்சியும், அருகிலேயே பழுது பார்க்கும் வசதியும் சேரட்டும். முதற்படகு வாங்கிய இளைஞர் ஐந்தாம் ஆண்டிலும் அதே படகின் உரிமையாளராக இருந்தால், அன்று நம் தேர்வு சரியானது எனலாம்.